வெறுங்காணி என்று நான் எழுதிய கடற்கரை

ஓய்வுபெற்ற ஒருவனைக் கூப்பிட்டு, புதிதாக நில அளவை வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால், அவன் தன் பெருமையைத்தான் அவிழ்த்துவிடுவான் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். பெருமை இருக்கிறது, இல்லாமல் இல்லை. முப்பத்தைந்து வருடம் அளவுச் சங்கிலியோடு வெயிலில் அலைந்தவனுக்கு அதுகூட இருக்காதா? ஆனால் அதையெல்லாம் உங்கள் மேலதிகாரிகள் என் பிரியாவிடைக் கூட்டத்திலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது என் பிழைகள்தான். அவற்றில் மிகப் பெரியதைச் சொல்கிறேன். கேட்டபின் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு சித்திரையில் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனான். பட்டினத்துச் சனத்தில் பாதி, மூட்டை முடிச்சோடு கிடைத்த திசைக்கு ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் வெள்ளைக்காரனுக்கு வேகம் பிடித்தது. எல்லாச் சாமானையும் துறைமுகத்துக்குள்ளேயே வைத்திருந்தால் ஒரு குண்டில் எல்லாம் போய்விடும், வெளியே பிரித்து வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இடம் பார்க்க ஆள் வேண்டும். எங்கள் நில அளவைக் கந்தோரிலிருந்து இரவலாகப் போனவர்களில் நான் ஒருவன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சட்டைப்பையில் நாலு பென்சில் வைத்திருப்பேன். நாலும் ஊசி முனையில் இருக்கும். அவ்வளவு மிடுக்கு.

நிலாவெளிக்கு வடக்கே, இறக்கக்கண்டிப் பக்கமாக ஒரு கடற்கரைத் துண்டை அளந்து கொடுக்கச் சொன்னார்கள். சாமான் வைக்கக் கொட்டில்கள், சுற்றிவரத் தண்ணீர் வரைக்கும் முள்ளுக்கம்பி, தட்டைப் படகுகள் வந்து சாமான் இறக்கக் கடலுக்குள் ஒரு இறங்குதுறை. இவ்வளவையும் அந்தத் துண்டில் அமைக்கப் போகிறவர் ஒரு எஞ்சினியர் கப்டன். அவர் வரைவதற்கு முன் நான் அளக்க வேண்டும். ஒன்பது நாள் தவணை.

நான் யாழ்ப்பாணத்துச் செம்மண்காரன். எனக்குக் கிணறு தெரியும், புகையிலைக் கன்று தெரியும். கடல் என்றால் கறிக்கு மீன் வருகிற இடம் என்ற அளவில்தான் தெரியும். சங்கிலி பிடிக்க எனக்குத் தந்த இரண்டு பேரும் தம்பலகாமத்து வயற்காரர். மூத்தவர் பெயர் கந்தப்பர். வரம்பில் நின்று பார்த்தே இது எத்தனை அவணம் நெல் விதைக்கிற காணி என்று சொல்லிவிடுவார், யானை எந்தப் பக்கம் வரும் என்றும் சொல்லிவிடுவார். கடல் அலை அடித்தால் மட்டும் பத்தடி பின்னால் போய் நிற்பார். இப்படி மண்ணில் பிறந்த மூன்று பேர் மார்கழி மாதத்தில் ஒரு கடற்கரையை அளக்கப் போனோம்.

வாடைக்காற்று முகத்தில் மணலை அள்ளி அடித்தது. கடல் கறுத்துப்போய்க் குமுறிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு தோணி இல்லை, ஒரு கொட்டில் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. அரை மைல் நீளத்துக்கு வெறும் மணல். மணலுக்கு மேலே அடம்பன் கொடி, அதற்கு மேலே பற்றை. இடையில் மூன்று கற்குவியல்கள். குண்டுக்குப் பயந்து சனம் ஓடிவிட்டது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம். கேட்க ஆளில்லை. ஆளில்லாதபோது கேள்வியும் இல்லை என்று நினைக்கிற வயது எனக்கு.

அளவையில் குறை வைக்கவில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். ஒவ்வொரு பனையையும் குறித்தேன். மேடு பள்ளம் எடுத்தேன். அந்த மூன்று கற்குவியல்களைக்கூட நீளம், அகலம், உயரம் அளந்து புத்தகத்தில் எழுதினேன். கற்களில் சிப்பி ஒட்டியிருந்தது. பாசி காய்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்து என்ன செய்தேன் தெரியுமா? நல்ல உறுதியான கல்லாக இருக்கிறதே, இறங்குதுறைக்கு அடித்தளம் போட உதவும் என்று நினைத்தேன். வரைபடத்தின் ஓரத்தில் அழகான எழுத்தில் இரண்டு குறிப்பு எழுதினேன். ஒன்று, வெறுங்காணி, குடியிருப்பு இல்லை. மற்றது, நிரப்பத் தேவையான கல் காணியிலேயே உண்டு. எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கப்டன் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். லொறி லொறியாகக் கல் ஏற்றிக்கொண்டு போகிற செலவை மிச்சம் பிடித்துத் தந்த ஆள் என்று தன்னோடிருந்தவர்களுக்கு என்னைக் காட்டினார். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காணி எடுக்கும் அறிவித்தலைப் பட்டினத்து அரசாங்கக் கச்சேரிச் சுவரில் இங்கிலீசில் ஒட்டினார்கள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சுவர்ப் பக்கம் போகிறவர்களும் இல்லை, இங்கிலீசு வாசிக்கிறவர்களும் இல்லை.

பங்குனி பிறந்தது. வியாழக்கிழமை லொறிகள் வரும், இறங்குதுறை வருகிற கோட்டில் மர முளை அடித்து வை என்று எனக்குக் கட்டளை. செவ்வாய்க்கிழமை காலையில் கந்தப்பரோடு போய் இறங்கினேன். இறங்கினவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அது நான் அளந்த இடமே இல்லை. கடல் குளத்துத் தண்ணீராகக் கிடந்தது. கரை முழுக்க ஓலைக் கொட்டில்கள். இரண்டு பெரிய தோணிகள். கம்பா என்று அவர்கள் சொல்லும் தடித்த கயிறு மலை மலையாகச் சுருட்டிக் கிடந்தது. ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள், பெண்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து முளைத்தது இவ்வளவு சனம் என்று எனக்கு விளங்கவில்லை. சரி, நமக்கென்ன, முளையை அடித்துவிட்டுப் போவோம் என்று வேலையைத் தொடங்கினேன். ஏழாவது முளையை அடிக்கும்போது திரும்பிப் பார்த்தால், முதல் ஆறு முளையையும் ஒரு பெண் கையில் விறகுக்கட்டாகப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

நாற்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"ஆர் இஞ்ச தடி நட்டது?"

"அது அரசாங்கத்தின்ர முளை அக்கா. பிடுங்கக் கூடாது."

"பிடுங்கிப்போட்டன். இனி என்ன செய்யிறது? நீங்கள் திருப்பி நடுங்கோ, நான் திருப்பிப் பிடுங்கிறன். எனக்குக் காலமை வேற சோலி இல்ல."

அவள் பெயர் கண்ணகைப்பிள்ளை. பட்டினத்துக்குக் கிட்ட இருக்கிற சல்லி அவள் ஊர். வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். அவள் புருசன்தான் சம்மாட்டியாக இருந்தவன், முந்தின வருடம் மலேரியாவில் போய்விட்டான். இப்போது அவளே சம்மாட்டி. கடலுக்குள் வலையை நடத்துகிற வேலை அவள் தம்பி தம்பிராசாவுக்கு. வாடை வீசும் மாதங்களில் கடல் இறங்க விடாது. அப்போது எல்லாரும் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு சல்லிக்குப் போய்விடுவார்கள். பங்குனியில் கடல் அடங்கியதும் திரும்பி வருவார்கள். வருடா வருடம் நடக்கிற காரியம். குண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இந்தக் காணிக்கு உங்களிட்ட உறுதிப் பத்திரம் இருக்கோ?" என்று அதிகாரமாகக் கேட்டேன்.

"காணியெண்டாத்தானே உறுதி. இது காணியில்ல. பாடு."

ஒரு கரைவலையை வளைத்து இழுக்க எவ்வளவு கரை வேண்டுமோ அந்தக் கரையும், அதற்கு நேரே கிடக்கிற கடலும் சேர்ந்ததுதான் பாடு. தோணி ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டுப் போய், கடலில் வலையை வளைத்துப் போட்டு, மற்ற நுனியைக் கரையின் மறுபக்கம் கொண்டுவரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். வலை அடிநிலத்தில் உரசிக்கொண்டே கரைக்கு வரும். நான் அளவையை எங்கே நிறுத்தினேன்? தண்ணீர் விளிம்பில். அவர்களுடைய நிலம் அங்கேதான் தொடங்கியது.

அவள் என்னை விடவில்லை. "அந்தக் கல்லைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். படத்திலயும் கீறியிருக்கிறன்" என்றேன். என் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியாது என்ற எண்ணம் எனக்கு.

"என்னெண்டு கீறினீங்கள்?"

"கல்லுக் கும்பி. மூண்டு."

"இந்த மணலுக்க கல்லு எங்கால வந்ததெண்டு யோசிக்கேல்லையோ?"

பக்கத்தில் நின்ற கந்தப்பர் மெதுவாகச் சொன்னார். "அதுதானே ஐயா. மணலில கல்லு முளைக்காதுதானே."

"முந்தி இதைச் சொல்ல உமக்கு வாய் இல்லையோ?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"நீங்கள் கேக்கேல்லையே ஐயா."

கண்ணகைப்பிள்ளை கையை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பெரிய கும்பி என்ர அப்பு தண்ணிக்க சுழியோடி எடுத்தது. அங்கால கிடக்கிறது அவற்ற அப்பு எடுத்தது. தண்ணிக்குக் கிட்டக் கிடக்கே சின்னக் கும்பி, அது என்ர மனிசன் எடுத்தது. கடலுக்க ஒரு கல்லுக் கிடந்தாலும் வலை பிடிபட்டுக் கிழியும். வருசம் வருசம் வாடை கடலைக் கலக்கி நாலு கல்லைக் கொண்டந்து போடும். பங்குனியில இறங்கித் தூக்கிப்போட்டுத்தான் வலை வளைக்கிறது. மூண்டு தலைமுறைக் கல்லுத் தம்பி. இந்தப் பாட்டில நாப்பது குடும்பம் சாப்பிடுது. என்ர மகளுக்கு ஆவணியில கலியாணம். சீதனமாக் குடுக்க என்னட்ட நகையும் இல்ல, வயலும் இல்ல. வலையில பாதியும் பாட்டில பாதியும்தான்."

வியாழக்கிழமை அந்தக் கல்லையெல்லாம் திரும்பக் கடலுக்குள் கொட்டப் போகிறார்கள். கொட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் அவளுக்கு முன்னால் தொப்பியோடு நிற்கிறான். சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்க மாட்டேன், நினைத்தேன். பிறகு சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கையிலிருந்த முளைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள்.

"எடுக்க மூண்டு தலைமுறை. கொட்ட ஒரு நாள் காணும், என்ன?" என்றாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அந்த ஆறு முளையாலும் என் தலையில் அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே பட்டினத்துக்கு வந்து என் மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் சண்டை தொடங்கிய நாள் முதல் தன் நிழலுக்கும் பயந்துகொண்டிருந்தார். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உம்மட வேலை அளக்கிறது. அளந்தீர், குடுத்தீர், முடிஞ்சுது. இப்ப போய்ப் பிழையெண்டு சொன்னா, சண்டைக் காலத்தில அதுக்கு வேற பேர் வைப்பாங்கள். விளங்குதோ? உம்மட கையெழுத்து. என்னை இதுக்க இழுக்காதேயும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு கடற்படை வேலையைத் தடுத்தவன் என்று பெயர் விழுந்தால் வேலை போவது மட்டுமில்லை, ஆளையே உள்ளே போட்டுவிடுவார்கள். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பிழை நடந்துவிட்டது என்று வெறுங்கையோடு கப்டன் முன்னால் போய் நின்றால் அவர் என்னைத் துரத்திவிட்டுக் கல்லைக் கொட்டுவார். அவருக்கு வேண்டியது ஒரு இறங்குதுறை. என் மனவருத்தம் அவருக்கு எதற்கு? உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது பிழையை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அளந்து முடித்த இன்னொரு இடத்தையும் கையில் கொண்டு போங்கள்.

புதன்கிழமை விடிய முன்னமே சைக்கிளை மிதித்துக் கடற்கரைக்குப் போனேன். கண்ணகைப்பிள்ளையும் தம்பிராசாவும் தோணிக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் வந்ததில் அவர்களுக்குச் சந்தோசம் இல்லை.

"ஒரு கேள்வி" என்றேன். "இந்தப் பக்கத்தில வலை போட ஏலாத இடம் எது?"

தம்பிராசா அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "எல்லாரும் மீன் எங்க கிடக்குதெண்டுதான் கேக்கிறது. இவர் மீன் பிடிக்க ஏலாத இடத்தைக் கேக்கிறார்."

கண்ணகைப்பிள்ளை சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. "வடக்கால, முனையடியில" என்றாள். "அடியில முழுக்கப் பாறை. அதில நங்கூரம் விட்டாக்கூடத் திருப்பி எடுக்க ஏலாது. ஒருதருக்கும் உதவாத இடம்."

ஒருவருக்கும் உதவாத அந்த இடம் நான் அளந்த துண்டின் வடக்கு எல்லையிலிருந்து நாலு சங்கிலி தூரத்தில் இருந்தது. மார்கழியில் இன்னும் நாலு முறை சங்கிலியை இழுத்திருந்தால் அதுவும் படத்தில் வந்திருக்கும். எல்லை இதுதான் என்று தாளில் கோடு போட்டுத் தந்திருந்தார்கள், நானும் அந்தக் கோட்டில் நின்றுவிட்டேன்.

கயிறு ஒன்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் வலைக்குக் கட்டுகிற ஈயத்தைக் கட்டினோம். கந்தப்பரைக் கரையில் இரண்டு கொடியோடு நிறுத்தினேன். தம்பிராசா தோணியை அந்தக் கொடிகளுக்கு நேராகப் பிடித்தான். நான் கயிற்றை விட்டு ஆழம் பார்த்து எழுதினேன். எழுதினேன் என்று சுகமாகச் சொல்கிறேன். பாதி நேரம் தோணியின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்ல சேவையர் ஐயா" என்றான் தம்பிராசா. "மீனுக்கும் பசிக்கும்தானே."

முதலில் பாட்டுக்குள் ஆழம் பார்த்தோம். கரையிலிருந்து இருநூறு அடி, அதாவது அறுபது எழுபது யார் தூரம், போனாலும் நெஞ்சளவு தண்ணீர்தான். பிறகு முனையடிக்குப் போனோம். இருபது யார் தூரம் போவதற்குள் கயிற்றில் ஒன்பது முடிச்சு உள்ளே போய்விட்டது. நான் நம்பவில்லை. மூன்று முறை விட்டுப் பார்த்தேன். ஒன்பது அடிக்குக் குறையவில்லை. தட்டைப் படகுக்கு ஆறு அடி போதும். அடியிலோ பாறை, இறங்குதுறைக் கால்கள் புதைந்து போகாது. அந்தத் தோணியில் எழுந்து நின்று கூத்தாடலாம் போல இருந்தது. எழுந்து நிற்க ஏலாத நிலைமை, அதனால் இருந்தபடியே சிரித்தேன். வெயில் சாயும் முன் கொட்டிலுக்குள் ஒரு பலகைமேல் படத்தைக் கீறி முடித்தேன்.

வியாழன் காலை ஆறு மணிக்குக் கப்டனின் கந்தோர் வாசலில் நின்றேன். அவர் எட்டு மணிக்கு வந்தார். அவர் கேட்டதெல்லாம் இங்கிலீசில். எனக்கு நினைவிருக்கிற அளவில் தமிழில் சொல்கிறேன்.

"என்ன, இன்னொரு படம்?"

"துரை, மார்கழியில் தந்த படம் பிழை. பிழை என்னுடையது."

அவர் பழைய படத்தை எடுத்து விரித்தார். "வெறுங்காணி என்று எழுதியிருக்கிறாய். இது உன் கையெழுத்துத்தானே?"

"ஆம். ஆளில்லாத மாதத்தில் போய்ப் பார்த்து எழுதினேன். இப்போது நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்."

"சண்டை நடக்கிறது. நூறு பேர் வேறு கரைக்குப் போகட்டும்."

கல், பாடு, சீதனம் எல்லாம் வாய்வரை வந்தது. அவற்றை விழுங்கிக்கொண்டு புதுப் படத்தைப் பழையதன்மேல் வைத்தேன். "அந்த இடத்தில் ஆறு அடித் தண்ணீருக்கு எண்பது யார் நீளம் கட்ட வேண்டும் துரை. இங்கே இருபது யார் போதும். அடியில் பாறை."

அவர் எண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்த ஆழம் பார்த்தது யார்?"

"நான்தான். நேற்று."

"பழைய இடத்தில் ஏன் ஆழம் பார்க்கவில்லை?"

"யாரும் கேட்கவில்லை." சொன்ன பிறகுதான் கந்தப்பர் எனக்குச் சொன்ன அதே பதில் என்று உறைத்தது. அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். "நானாகப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை."

இரக்கப்பட்டாரா என்று கேட்காதீர்கள். மிச்சமாகிற அறுபது யார் நீள மரமும் ஆணியும் அவர் கண்ணில் தெரிந்தது, அவ்வளவுதான். "பின்னேரம் நானே வந்து பார்க்கிறேன். அதுவரை வேலையை நிறுத்து" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "லொறிகள் ஆறரைக்கே போய்விட்டனவே" என்றார்.

ஜீப் ஒன்று தந்தார். நிலாவெளி வரை அந்தச் சாரதி பறந்தான். கடற்கரையில் இறங்கி ஓடினேன். பெரிய கும்பியிலும் அடுத்ததிலும் பெண்கள் ஏறி நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் வேலையை நடத்த வந்த ஓவசியர் நின்று கெஞ்சுவதா அதட்டுவதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கும்பி பாதிதான் இருந்தது. பெண்கள் வருவதற்கு முன்னமே லொறியில் வந்த ஆட்கள் அதைத்தான் முதலில் அள்ளிக் கடலுக்குள் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். அது கண்ணகைப்பிள்ளையின் புருசன் எடுத்த கல்.

தாளை ஓவசியரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார், பெருமூச்சு விட்டார், லொறிகளைத் திருப்பிக்கொண்டு போனார். அவருக்கும் நிம்மதிதான். பெண்கள் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்க்க எழுந்து போனார்கள். கண்ணகைப்பிள்ளை மட்டும் பாதிக் கும்பிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எத்தினை கல்லுப் போட்டாங்களெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாள். "தண்ணி கலங்கிப்போச்சு. ஒண்டை விட்டாலும் வலை போயிடும். எனக்கிருக்கிறது ஒரு வலை."

கல் எத்தனை என்று எனக்கும் தெரியாது. ஆனால் கும்பியின் நீளம், அகலம், உயரம் என் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து, கும்பி இருந்த இடத்தில் நாலு முளையும் ஒரு உயரக் கோலும் நட்டேன். இந்த முறை அவள் பிடுங்கவில்லை. தம்பிராசாவும் ஆட்களும் சுழியோடிக் கல்லைத் தூக்கிக் கொண்டுவந்தார்கள். கரையில் நின்ற நாங்கள் அதை வாங்கி முளைகளுக்குள் அடுக்கினோம். வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க, சனி மத்தியானம் வரை. என் கை இரண்டும் சிப்பி வெட்டிப் புண்ணாகிவிட்டது. சனி மத்தியானம் தம்பிராசா வெறுங்கையோடு மேலே வந்தான். இனி ஒன்றும் அகப்படவில்லை என்றான். கோலில் பார்த்தேன். கும்பி பழைய உயரத்துக்கு நாலு விரல் குறைந்தது.

அந்த நாலு விரல், அடுக்கிய விதத்தில் வந்த வித்தியாசமா, கடலுக்குள் கிடக்கிற கல்லா? என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அளவையாளன் ஒருவன் வாயால் சொல்லக் கூச்சப்படுகிற சொல் அது. நீங்கள் கூச்சப்படாதீர்கள்.

மற்ற விசயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கப்டன் வந்து முனையடியைப் பார்த்தார், தானும் ஆழம் பார்த்தார், இறங்குதுறையை அங்கேயே கட்டினார். கொட்டில்களும் கம்பியும் வடக்கே தள்ளிப் போயின. என்னை உள்ளே போடவில்லை. பிழை என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தார்கள், அதனால் என் பதவி உயர்வு இரண்டு வருடம் பிந்தியது. இரண்டு வருடம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆவணியில் கலியாணத்துக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். இப்போது உங்களுக்கு ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள் வருகின்றன. நல்லது. எந்த மாதத்தில் எடுத்த படம் என்று முதலில் கேளுங்கள். பிறகு இறங்கிப் போய், வேறு மாதத்தில் இங்கே என்ன நடக்கும் என்று கேளுங்கள். கேட்க ஆளில்லை என்றால் ஆள் வரும்வரை பென்சிலைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது முதல் வலை வளைத்த நாளை. ஞாயிற்றுக்கிழமை. போடுவதா விடுவதா என்று ஆண்களெல்லாம் கண்ணகைப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவள் கடலைப் பார்த்தாள். பிறகு, "வளையுங்கோ" என்றாள்.

தோணி போய் வளைத்து வந்தது. இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்தார்கள். நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தெற்குப் பக்கக் கயிற்றில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் கந்தப்பர். தண்ணீருக்குப் பத்தடி தள்ளி நிற்கிற அதே மனிதர், முழங்கால் வரை நனைந்துகொண்டு நின்றார். இழுத்தோம். வலை மெல்ல மெல்ல வந்தது. கல் கொட்டிய இடத்துக்கு நேரே வந்தது. தம்பிராசா கழுத்தளவு தண்ணீரில் வலைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

கயிறு நின்றது.

தம்பிராசா கையை உயர்த்தினான். யாரும் இழுக்கவில்லை. கண்ணகைப்பிள்ளை வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். தம்பிராசா தண்ணீருக்குள் போனான். நெடுநேரம் வரவில்லை. பிறகு மேலே வந்து, கை நிறையக் கடற்சாதாழையை அள்ளித் தூக்கிக் காட்டி எறிந்தான். பாசிதான், கல்லில்லை.

கயிறு நகர்ந்தது. ஒரு முழம், இரண்டு முழம், பிறகு தடையில்லாமல் வரத் தொடங்கியது. கொட்டிய இடத்தைக் கடந்து வலை இந்தப் பக்கம் வந்துவிட்டது. கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திச் சிரித்தார்கள். நான் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்து, அத்தனை பேருக்கும் முன்னால், சின்னப் பிள்ளைபோல விம்மி விம்மி அழுதேன்.

கண்ணகைப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது. நான் விட்ட இடத்தில் கயிற்றை ஒரு கையால் பிடித்தாள், மற்றக் கையால் என் சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழும்புங்கோ தம்பி. பிறகு இருந்து அழலாம், ஆரும் வேண்டாமெண்டு சொல்லேல்ல. மீன் இன்னும் தண்ணிக்கதான் கிடக்கு. இழுங்கோ."